பழத்தட்டும் பூ ஜாடியும்

“பூ ஜாடி பக்கத்துல பழத்தட்டை யாருங்க வெச்சது?”

கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள் மனைவி.

“நான்தான். வேற இடம் இல்ல” என்றான் கணவன்.

“பழுத்த பழம் பக்கத்துல இருந்தா பூ சீக்கிரம் வாடிடும். நேத்து ஜாடி வெயில்ல இருந்துச்சே, அதுவும் உங்க வேலைதானா?”

அவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் ரோஜாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைச் சாய்வாக நறுக்கினாள். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளினாள். புதுத் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்தாள்.

“கட்டின புருஷனுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்ததில்ல.”

“இது என் கை பட்ட பூங்க. இன்னும் ஒரு வாரம் தாங்கும், பாருங்க.”

“ஐயோ, மெல்லப் பேசு!” தன் அம்மா தங்கியிருந்த அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் அருகில் வந்தான். “உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான் இதெல்லாம் செஞ்சேன். இந்தப் பூங்கொத்தோட வந்து இறங்கினப்ப அம்மா என்ன சொன்னாங்க? ‘இது வாடினதும் கிளம்பிடுவேன்’னுதானே?”

“ஆமா. அதனாலதான் வாட விடாம பாத்துக்கிறேன். அத்தை போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை யாரு? உங்க பேப்பரா?”

அறைக்கதவு திறந்தது. அம்மாவின் கையிலும் ஒரு கத்தரிக்கோல்.

“அம்மாடி, தினமும் நீ ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள நானும் ஒரு தடவை தண்ணி மாத்திட்டுத்தான் இருக்கேன். இவனை மட்டும் ஜாடிப் பக்கம் அண்ட விடாதே!”