கூரையில் ஒரு கண்காட்சி

எலும்பு முறிவு வார்டில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்கள் மேல் விரித்திருக்கிறது, கண்ணுகளா. மாவுக்கட்டுப் போட்ட கால்களைக் கயிற்றில் தொங்கவிட்டு எல்லோரும் மல்லாந்து கிடக்கிறார்கள். கலை மேலாண்மையில் முதுகலை படிக்கும் நம்ம பெண் ஏணி உச்சியில் நின்று, கடைசி ஓவியத்தைக் கூரையில் ஒட்டுகிறாள். பட்டம் வாங்க அவள் நடத்தியாக வேண்டிய கண்காட்சி இது. கீழே அவளுடைய பேராசிரியர் அண்ணாந்தபடி நிற்கிறார். “கண்காட்சின்னா சுவத்துல, கண்ணு மட்டத்துல மாட்டணும்மா. எல்லாத்தையும் இறக்கு. இல்லேன்னா ஃபெயில்தான்.” அவள் ஓவியத்தின் மூலையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறாள். “இவங்க கண்ணு மட்டம் இதுதான் சார்.” “திமிராப் பேசாத!” நேற்றுவரை கூரைப் பல்லியோடு பேசிக் கிடந்த லாரி டிரைவர், தலைக்கு மேல் விரிந்த நீலக் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: “கழுத்து சுளுக்கிக்கும் சார். பக்கத்துக் கட்டில் காலிதான், வந்து படுங்க.” வார்டே சிரிக்கிறது, தொங்கும் கால்களெல்லாம் கயிற்றோடு குலுங்குகின்றன. பேராசிரியரின் முகம் சிவக்கிறது. “நீ இறக்கலைன்னா நானே ஏறி இறக்குறேன்” என்று செருப்பைக் கழற்றுகிறார். அவள் நிதானமாக இறங்கி வருகிறாள். ஏணியைச் சடாரென்று மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள்.