வெள்ளைப் புழு

அன்செல்மோ இலையைத் திருப்பினார், பார்த்தார், கட்டைவிரலால் ஒரே நசுக்கு. அடுத்த இலை.

தண்ணீர் எடுக்க வேனுக்குப் போன டெல்ஃபினா திரும்பி வருவதற்குள் ஒரு வரிசை எலுமிச்சை மரங்களை முடித்திருந்தார்.

"ஏ கிழவா! கையை எடு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

முப்பத்தொரு வருஷத்துப் புருஷன் சிரித்த முகமாகத் திரும்பினார். கட்டைவிரல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிசுபிசுத்தது.

"எத்தனை மாவுப்பூச்சி பாரு! உன் பொறிவண்டு என்னத்தக் கிழிச்சுது? நான் ஒத்த ஆளா ஒழிச்சுக்கிட்டிருக்கேன்."

பாவி மனுஷன் நசுக்கியது மாவுப்பூச்சியை அல்ல. அதைத் தின்று தீர்க்கிற பொறிவண்டின் புழுக்களை.

அந்தப் புழுவும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டிருக்கும். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். புதிதாகத் தோப்புக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் ஏமாந்துபோவார்.

இருட்டறையில் உருளைக்கிழங்கை முளைக்கவைத்து, முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, அதைத் தின்னக் கொடுத்துப் பொறிவண்டை வளர்த்து... இரண்டு மாத உழைப்பு. தங்கள் வண்டுப் பண்ணையில் மிச்சமிருந்த வண்டுகளையெல்லாம் இந்தத் தோப்பில்தான் விட்டிருந்தாள்.

திங்கட்கிழமைக்குள் பூச்சி குறையாவிட்டால் விஷமருந்து அடித்துவிடுவேன் என்று தோப்புக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் அடித்தால் சாண்டா பவுலா பள்ளத்தாக்கே அடிக்கும். அப்புறம் வண்டுப் பண்ணை எதற்கு?

கையைப் பிடித்து இழுத்துப் போய் வேனில் உட்காரவைத்துவிடலாமா என்று நினைத்தாள்.

பண்ணையிலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும்: 'வெள்ளைப் புழுவைக் கொன்றுவிடாதீர்கள், அது நம்ம ஆள்.'

அதை எழுதியவர் அன்செல்மோ. பண்ணையின் முதல் பொறிவண்டுகளை வீட்டுச் சமையலறையில் வளர்த்தவரும் அவர்தான்.

பெயர்கள் மறக்கும், வழி மறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுவும் மறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதமாக ஜன்னலோரம் வாய் திறக்காமல் கிடந்த மனுஷன், இப்போது விசிலடித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போனார். மேல்கிளை எட்டவில்லை. எம்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் பிடியேன், கிழவி."

டெல்ஃபினா கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.