வால்நட்சத்திரமும் எதிர்வீட்டுப் பல்பும்

"ஒரு அரை மணி நேரம் அந்த லைட்டை அணைச்சு வெச்சா உங்களுக்கு என்னக்கா குறைஞ்சிடப் போகுது?"

எதிர்வீட்டு டெய்லரம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"முடியாது தம்பி. என் வேலை முடிஞ்சதும் நானே அணைச்சிடுவேன்."

"நீங்க தைக்கிறது உள்ள. லைட் எரியறது வாசல்ல. இதுல என்ன வேலை?"

"இருக்கு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அக்கா, அதுக்குள்ள வால்நட்சத்திரம் கீழ இறங்கிடும். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். நம்ம ஆயுசுக்கும் திரும்பி வராது!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நானா அதைப் போகச் சொன்னேன்?"

மெஷின் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தான். மனுஷியா இவ? நெஞ்சுக்குள்ள கல்லைத்தான் வெச்சிருப்பா.

காலையிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்று நின்று அவனுக்குக் கால் ரெண்டும் மரக்கட்டையாகியிருந்தது. தினமும் அதே கதைதான். 'இதுல ரெண்டு காப்பி, அதுல நாலு காப்பி' என்று கேட்டே காது புளித்துப்போன பொழைப்பு. அதில் அவனுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம், யாரோ வேண்டாமென்று விற்ற ஒரு பழைய கேமரா.

ஸ்டாண்ட் வாங்க வசதியில்லை. மொட்டைமாடியில் ரெண்டு செங்கல், அதன்மேல் ஒரு மணல் பை, அதன்மேல் கேமரா. விரலால் அமுக்கினால் ஆடிவிடும் என்று டைமர் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நட்சத்திரம் பதிய வேண்டுமென்றால் கேமரா பத்துப் பதினைந்து விநாடி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தாலும் போச்சு, படம் முழுக்க வெளுத்துவிடும்.

வால்நட்சத்திரமோ சரியாகச் சந்து முடிகிற இடத்தில், பஸ் ஸ்டாப்புக்கு மேலே தாழ்வாக வந்து நின்றது. சந்திலிருந்த ஒரே தெருவிளக்கு எப்போதோ உயிரை விட்டாயிற்று. எல்லாரும் திட்டினார்கள், இவன் மட்டும் சந்தோஷப்பட்டான். ஆனால் டெய்லரம்மாவின் கேட் பல்பு மட்டும் கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக ஒரு படம் உருப்படியாக வரவில்லை.

'இன்னிக்கு நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள எடுத்துக் காட்டறேன் பாரு' என்று காலையில் மனைவியிடம் வேறு வாயை விட்டிருந்தான். அவள் துணிக்கடையில் வேலை முடித்து வருகிற நேரம் நெருங்கிவிட்டது.

மரியாதையாகக் கேட்டாச்சு. இனிமேல் என்ன மரியாதை?

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கேட் பல்பை அழுத்தித் திருகினான். கையோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டான். சந்து கும்மிருட்டானது.

உள்ளே மெஷின் சட்டென்று நின்றது. "யாரது?"

ஒரே ஓட்டமாக மாடிக்கு வந்து சேர்ந்தான். அடேயப்பா! வால் முழுசாகத் தெரிந்தது. கால் வலிகூட மறந்துபோனது. டைமரை வைத்தான். கேமரா கண்ணைத் திறந்ததுதான் தாமதம், டெய்லரம்மா வீட்டிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் கிளம்பி, சந்தில் பஸ் ஸ்டாப் பக்கமாகத் தடதடவென்று ஓடியது.

படத்தின் குறுக்கே ஒரே வெள்ளைக் கோடு.

"அடச்சே! வேணும்னே பண்றா பாரு!"

ரெண்டாவது தடவை வைத்தான். அதே டார்ச் இப்போது திரும்பி வந்தது. இந்த முறை நிதானமாக, தரையைத் தடவிக்கொண்டு. அதற்குள் வால்நட்சத்திரம் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். டார்ச் அவன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. கூட இன்னொருத்தி. அவன் மனைவி.

"நல்லாத்தான் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சும்மா. எந்தப் பாவியோ கழட்டிக்கிட்டுப் போயிட்டான். நீ வர்ற நேரமாச்சேன்னு பதறிக்கிட்டு ஓடி வந்தேன்."

"நல்லவேளை வந்தீங்கக்கா. அன்னிக்கு அந்தக் குடிகாரன் என் பின்னாலேயே வந்ததிலேர்ந்து, உங்க லைட்டைப் பார்த்தாத்தான் இந்தச் சந்துக்குள்ள காலே வருது."

"உன் வீட்டுக்காரரை ஸ்டாப்புக்கு வரச் சொல்லேன்! இன்னிக்குக்கூட வந்து லைட்டை அணைன்னு மல்லுக்கு நின்னாரு. வாய் வரைக்கும் வந்துச்சு. உனக்குக் குடுத்த வாக்குக்காக முழுங்கிட்டேன்."

"சொல்லிடாதீங்கக்கா. நாளெல்லாம் நின்னு அலுத்துப்போய் வர்றாரு. அந்தக் கேமராவைத் தொட்டாத்தான் முகத்துல கொஞ்சம் சிரிப்பு வருது. தெரிஞ்சா அதையும் விட்டுட்டு எனக்காக ஸ்டாப்புல வந்து நிப்பாரு."

எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் சட்டைப் பையில் பல்பு இன்னும் சூடாக இருந்தது.

மனைவி ஒவ்வொரு படியாகக் காலை இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். நாள் முழுக்க நின்ற களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னங்க, இன்னிக்கு நல்லவேளையா அக்கா வீட்டு லைட் எரியலை! உங்க படம் நல்லா வந்திருக்குமே?"