வலது கடைவாய்

“கேட்டுச்சா? வலது பக்கம்தான்” என்றாள் மருமகள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு.

கூடத்தில் மாமியார் ஐஸ் கட்டியைக் கடிக்கும் சத்தம் ‘நொறுக்’கென்று சமையலறை வரை வந்தது.

“சத்தத்தை வெச்சே எந்தப் பக்கம்னு சொல்லிடுவியா?” என்று சிரித்தான் கணவன்.

சொல்லிவிடுவாள். பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் அவள். சொத்தைப் பல்லை அடைக்கத் தானே ஒரு புதுக் கலவையைச் செய்து, அது மனிதர் வாயில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லிலும் அடைப்பு. ஒரு பக்கம் எல்லா டாக்டரும் வைக்கும் பழைய கலவை, மறுபக்கம் அவளுடையது. எது எந்தப் பக்கம் என்று வாய்க்குச் சொந்தக்காரரிடம் மூச்சுவிடக் கூடாது. இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் பார்த்து மார்க் போடுவார்.

ஆள் கிடைக்காமல் அவள் திண்டாடியபோது, தன் வாயில் இரண்டு சொத்தை சும்மாதானே கிடக்கிறது என்று தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மாமியார்தான். அதோடு விட்டாரா? “தானம் கொடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. எங்க வீட்ல மருமக மாமியாரையே பிடிச்சுப் பார்த்துட்டா” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மருமகளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

மாமியார் சாப்பிடுவதைக் கவனித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று. ஐஸ் கடிப்பது அவருக்குச் சின்ன வயசுப் பழக்கம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஐஸோ, வறுத்த பட்டாணியோ, எலும்போ, எல்லாமே வலது கடைவாய்க்குத்தான் போயிற்று. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

“என்னோட கலவை இருக்கிறதே வலது பக்கம்தாங்க. நீங்க ஏதாச்சும் அவங்ககிட்ட உளறிட்டீங்களா?”

“எனக்கே இப்பத்தானே சொல்றே?”

“அப்ப எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. வேணும்னே கடிச்சு உடைக்கப் பார்க்கிறாங்க.”

அம்மாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்றான் அவன். பிறகு யோசித்து, உண்டு என்று ஒப்புக்கொண்டான். ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிடுங்கன்னு நேரிலேயே சொல்லிவிடேன் என்று யோசனையும் சொன்னான்.

அதுதான் முடியாது. ஆராய்ச்சிக்கு வந்த எல்லாரிடமும் சொன்னது ஒன்றே ஒன்று: வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மாமியாருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் அது கள்ளாட்டம். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் ஐஸ் தட்டை ஒளித்து வைத்தாள். அதுவும் கள்ளாட்டம்தான் என்று மனசாட்சி குத்தவே, தானே தண்ணீர் ஊற்றித் திரும்ப வைத்தாள்.

நிலைமையும் நன்றாக இல்லை. ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் ஒருவர் வேலை மாறிப் போய்விட்டார், இன்னொருவர் பல்லையே பிடுங்கிக்கொண்டுவிட்டார். மிச்சம் இருப்பவர்களில் ஒரு அடைப்பு உடைந்தாலும் கலவை தேறாது என்று அவளுடைய ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கும் கைடு கறாராகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அரைத்துக் கலக்கித் தோற்றுத் தோற்று உருவாக்கிய கலவை அது. அதை மாமியார் ஒரு கிண்ணம் பட்டாணியில் முடித்துவிடுவார் போலிருந்தது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைசிப் பரிசோதனை வந்தது. மார்க் போட வந்த டாக்டர் விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை மாமியார் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். சாப்பிடும்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறீர்களா என்று கேட்டார்.

“சரிசமமா மெல்லுறேன் டாக்டர்” என்றார் மாமியார், கண் இமைக்காமல்.

பச்சைப் பொய். கதவோரம் நின்று மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஊசி முனையால் வலது அடைப்பின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் விரிசல் இல்லை, இடைவெளி இல்லை, முழு மார்க் என்றார். இடது அடைப்புக்கும் அதே மார்க். மாமியார்தான் கடைசி ஆள். கூட இருந்த கைடு அங்கேயே அவள் கையைக் குலுக்கி, கலவை தேறிவிட்டது என்றார்.

அவளுக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் நெஞ்சில் முள்ளும் அப்படியே இருந்தது. இனி வாயைக் கட்டிப்போட எந்த விதியும் இல்லை. மாமியாரை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

“அத்தை, எல்லாம் முடிஞ்சுபோச்சு, இப்பக் கேட்கலாம். ரெண்டு வருஷமா ஏன் எதுக்கெடுத்தாலும் வலது பக்கமே கடிச்சீங்க? டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?”

கேட்கக் கேட்கக் குரல் உயர்ந்துவிட்டது.

மாமியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

“மெதுவாப் பேசும்மா, யார் காதுலயாவது விழுந்து உன் மார்க்கைக் குறைச்சிடப் போறாங்க. அன்னிக்கு வலது பக்கத்தை நீ ஒரே அழுத்தா அழுத்திச் சட்டுனு முடிச்சுட்டே, இடது பக்கத்துக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, பார்த்துப் பார்த்து மெனக்கெட்டே. உன் சிமெண்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? அது உடைஞ்சு நீ அழுதுடக் கூடாதேன்னுதான், ரெண்டு வருஷமா இடது பக்கம் ஒரு சோத்துப் பருக்கையைக்கூட நான் அண்டவிடலை.”