முந்தானை முழுக்கத் தங்கக் காசு

“டப்பாவைத் தொறந்து காட்டுங்க முதலாளி. எழுத்து கலங்கலாத் தெரியுது” என்றார் நெசவாளர் வேல்முருகன்.

“தொறக்கறதா? கை பட்டா மதிப்பு போயிடும்பா!” குமாரசாமி பிளாஸ்டிக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பட்டுக்கடை முதலாளி. டோக்கியோவில் உலகத் தடகளப் போட்டி நடந்த நேரத்தில் அங்கே சுற்றுலா போனவர். அவர் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். ஆனாலும் திரும்பும்போது கையில் போட்டியின் நினைவுத் தங்கக் காசு இருந்தது. அன்று முதல் காஞ்சிபுரத்தில் அவரிடம் தெரியாத்தனமாக ‘சௌக்கியமா’ என்று கேட்டவர்கள், அந்தக் காசைப் பார்க்காமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

“ஓட்டல்ல நுழைஞ்சதும் ஒரு பொண்ணு ரெண்டு கையாலயும் குடுத்துச்சு. இடுப்பு வரைக்கும் குனிஞ்சு! நம்மூர்ல மந்திரி காருக்குத்தான் அப்படிக் குனிவாங்க.”

“எல்லாருக்கும் குடுத்தாங்களா?” என்றாள் மனைவி தேவகி.

“தகுதி பார்த்துக் குடுத்தாங்க.”

“நம்ம பொண்ணு இளவரசியோட முகூர்த்தப் புடவைங்க. மாங்கா, அன்னம்னு ஏதாவது போடலாமே?”

“மாங்கா யார் வேணா போடுவான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோட ஜப்பான் மேனேஜர் வராரு. அவரு இதைப் படிச்சுச் சொல்லணும், சம்பந்தி வாயடைச்சு நிக்கணும். நிச்சயத்துல அந்தாளு பேசின பேச்சு இன்னும் காதுல கேட்டுக்கினே இருக்குது.” வேல்முருகனிடம் திரும்பினார். “முந்தானை முழுக்க இந்தக் காசுதான். ஜப்பான் எழுத்து ஒண்ணு விடக் கூடாது. எங்க கூரத்துல கெடைச்ச பல்லவர் காலத்துச் செப்பேடு மாதிரி காலத்துக்கும் நிக்கணும்!”

“என்னா எழுதியிருக்குது முதலாளி?”

“பாராட்டுதான். வேற என்ன எழுதுவான்?”

வேல்முருகன் டப்பாவோடு சேர்த்துப் படம் பிடித்து, பெரிதாக்கி, எழுத்து பிசகாமல் ஜரிகையில் நெய்துவிட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் ஜப்பான் மேனேஜர் மேடையேறினார். குமாரசாமி மகளின் முந்தானையை விரித்துக் காட்டினார். மேனேஜர் குனிந்தார். படித்தார். இன்னொரு காசையும் படித்தார். தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா சம்பந்தி? அழுவுறாரு!”

மேனேஜர், மாப்பிள்ளை கலைவாணனின் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை முகம் சிவந்தது.

“அப்புறம் சொல்றேன் மாமா.”

“அப்புறம் என்ன அப்புறம்? மைக்குல சொல்லுங்க மாப்பிள்ளை! சாப்பிட்டுக்கினு இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்!” மைக்கை மாப்பிள்ளையின் வாயருகே தானே பிடித்தார்.

சம்பந்தி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கலைவாணன் மைக்கில் சொன்னான். “‘பால் சாக்லேட். வெயில்ல வெச்சா உருகிடும்’னு எழுதியிருக்குது மாமா.”