மோஹாவின் பயம்

"ஊசி போட்டா அதனாலயே ஃப்ளூ வந்துடுமாமே?" தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டெய்ன் நகரில், கிளினிக் வரிசையில் நின்றபடி மோஹாவ் மனைவியிடம் கேட்டார்.

"யார் சொன்னது? அதுல உயிருள்ள கிருமியே கிடையாது," என்றாள் டிகெலெடி.

"கை வீங்கிட்டா? நாளைக்கு நான் மினிபஸ் டாக்ஸி ஓட்டணுமே!"

"ரெண்டு நாள் லேசா வலிக்கும். மினிபஸ்ஸை அந்த ஓட்டு ஓட்டுறப்ப வராத பயம், இந்த ஊசிக்கு வருதாக்கும்!"

வரிசையே சிரித்தது.

"போட்டவங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சே?"

"வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டுப் போகாது. இருங்க, நானே முதல்ல போட்டுக் காட்டுறேன்!"

அவர்கள் முறை வந்தது. டிகெலெடி குளிருக்குத் தோளில் போர்த்தியிருந்த போர்வையை விலக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நொடியில் முடிந்தது. தலை நிமிர்ந்து வெளியே போனாள்.

நர்ஸ் மோஹாவின் அட்டையைப் பார்த்தாள். "ஐயா, நீங்க போன வாரமே போட்டுக்கிட்டீங்களே?"

"மெதுவாம்மா!" மோஹாவ் கிசுகிசுத்தார். "போன குளிர்காலத்துல அவ ஃப்ளூ வந்து மூச்சுத்திணறி பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. அப்புறமும் ஊசின்னா நடுங்குவா. நான் கேட்டதெல்லாம் அவளோட சந்தேகம்தான். நான் பயந்த மாதிரி நடிச்சதும், என்னை இழுத்துட்டு வரணும்னு பதிலையெல்லாம் அவளே விசாரிச்சு வச்சிருக்கா."

பிறகு, வெளியே கேட்கும்படி, "ஐயோ, அம்மா!" என்று அலறினார்.