தாரை வார்த்த கை

செங்கம் ரோட்டு மண்டபத்தில் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது தனம் சமையற்கட்டில் இருந்தாள். விதவை மேடை ஏறக் கூடாதென்று அவளை அங்கே உட்காரவைத்தவர் கணவனின் அண்ணன் ஆதிமூலம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்ததும் அவரே.

படமெடுத்த மெமரி கார்டு கெட்டுப்போனது. ஸ்டுடியோக்காரன் மாறன் மூன்று நாள் மல்லுக்கட்டிப் படங்களை மீட்டு, தனத்தையும் ஆதிமூலத்தையும் கூப்பிட்டுக் காட்டினான்.

படங்களில், மேடையில் நின்று செம்பு நீரை வார்த்துக்கொண்டிருந்தவள் தனம். ஆதிமூலத்தை மேடையில் காணோம்.

“அழிச்சிடுப்பா,” என்றார் அவர்.

“ஒண்ணுகூட அழிக்காத தம்பி. எல்லாத்தையும் பெருசா பிரிண்ட் போடு, கூடத்துல மாட்டணும்,” என்றாள் தனம்.

மாறன் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினான். சமையற்கட்டு வாசலில், பட்டுவேட்டியோடு ஆதிமூலம் மேடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.